குடிநோய் தீர்த்த குடிநோயாளர்

திருக்குறளிலே கள்ளுண்ணாமை என்றோர் அதிகாரம் உண்டு. அதனை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். அதன் முதல் எட்டுக் குறள்களும் கள்ளுண்பான் அடையும் இழிவைச் சொல்வன. அவற்றை விரித்துரைப்பதிலே ஒரு காலத்தில் எனக்குப் பெருவிருப்பம் இருந்தது. ஒன்பதாவது குறள், குடிமயக்கத்தில் இருப்பவனுக்கு நியாயம் எடுத்துரைத்துப் பயனில்லை என்கின்றது. பத்தாவது குறள், குடிப்பவன் தான் தெளிந்திருக்கும் வேளையில் வேறொரு குடியனைக் கண்டால் தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானோ என வினவுகின்றது. இவ்விரண்டுக்கும் பொருள் சொல்லிக் கடந்து போனேனேயன்றி, நின்று நோக்கினேனல்லேன். அப்பிழையின் பயனை எங்கள் குடும்பம் அனுபவித்தது.

என் பெரியதந்தையாரின் மகன் ஒருவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருந்தார். எனக்கு நன்னூலை முதன்முதல் எடுத்துச் சொன்னவர் அவரே. சம்பள நாளிலே மட்டும் தவறணைக்குப் போகத் தொடங்கியவர், சில ஆண்டுகளிற் சம்பள நாள் வரும்வரை பொறுக்கமாட்டாதவரானார். 1993 ஆம் ஆண்டு, பண்டிதப் பரீட்சையிலே தேறிய செருக்கோடு, அவர் வீட்டு முற்றத்தில் நின்று அவ்வதிகாரத்தை எடுத்துச் சொல்லி இடித்துரைத்தேன். அவர் தலைகவிழ்ந்து கேட்டார். அன்று மாலையே மீண்டும் குடித்தார்.

பின்னர் உறவினர் யாவரும் கூடி அவரை ஓர் அறையிலிட்டுப் பூட்டினோம். இரண்டாம் நாள் கைகால்கள் நடுங்கின. மூன்றாம் நாள் சுவரெங்கும் பூச்சிகள் ஊர்கின்றன என்று கூவினார். பேய் பிடித்ததென்று கருதிப் பூசாரியாரை அழைத்தோம். நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் உடற்கேடு அது என்பதும், வைத்தியர் துணையில்லாத இடத்திலே அதனால் உயிரும் போகக்கூடும் என்பதும் எங்களில் ஒருவருக்கேனும் தெரியா. அன்று அவர் தப்பினார். அறையைத் திறந்தோம், மறுபடியும் குடித்தார். மூன்றாண்டு கழித்து ஈரல் கெட்டு மறைந்தார்.

அமெரிக்க நாட்டிலே குடியால் அழிந்துகொண்டிருந்த ஒரு வைத்தியர் எவ்வாறு மீண்டார் என்பதையும், மீண்டபின் தம் வீட்டையே குடிநோயாளர்க்குத் திறந்துவிட்டார் என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே படித்தறிந்தேன். உலகம் அவரை டாக்டர் பொப் என்று அழைக்கும். நாங்கள் பூட்டிய அறைக்கும் அவர் திறந்த வீட்டுக்கும் உள்ள வேற்றுமை நம்மவர் அறியத்தக்கது. ஆதலின் அவர் வரலாற்றை இங்கே எழுதுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

றொபேட் ஸ்மித் 1879 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் நாள் வேர்மொன்ட் மாநிலத்துச் சிறு நகரமொன்றிலே பிறந்தார். தந்தையார் நீதிபதியாக இருந்தவர், ஊரில் நன்மதிப்புடையவர். பெற்றோர் அவரைக் கட்டுப்பாட்டோடு வளர்த்தனர். வாரத்திலே பலமுறை தேவாலயத்துக்குப் போகவேண்டியிருந்தது. வளர்ந்தபின் அந்தப் பக்கமே போவதில்லை என்று பிள்ளைப் பருவத்திலேயே அவர் உறுதி செய்துகொண்டார். கட்டாயத்தால் ஊட்டப்படும் நன்மை சில உள்ளங்களில் இவ்வாறே திரிந்து விடுகின்றது.

டாட்மத் கல்லூரியிலே பட்டம் பெற்றது 1902 ஆம் ஆண்டில். குடிப்பழக்கம் அங்கேயே வேரூன்றியது. தொடக்கத்தில் எவ்வளவு குடித்தாலும் மறுநாட் காலையில் அவருக்குத் தலைவலிகூட வாராது. தோழர் அதனைப் பாராட்டினர். உண்மையில் அதுவே வரப்போகும் கேட்டின் அறிகுறி. 1905 ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்கச் சேர்ந்தார். குடியின் காரணமாக அங்கிருந்து நீங்கிச் சிக்காகோவிலுள்ள றஷ் மருத்துவக் கல்லூரியை அடைந்தார். இறுதிப் பரீட்சை மண்டபத்திலே கை நடுங்கிப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. வெற்று விடைத்தாள்களையே கொடுத்துவிட்டு வெளியேறினார். மேலும் இரண்டு தவணைகள் குடியாமலிருந்து கற்கவேண்டுமென்று கல்லூரியார் விதித்தனர். அவ்வாறே இருந்து 1910 ஆம் ஆண்டிலே வைத்தியரானார். ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகர வைத்தியசாலையிலே பயிற்சி பெற்ற இரண்டாண்டும் அவர் குடிக்கவில்லை.

இவ்விடத்திலே வாசகர் ஒன்றைக் கருதவேண்டும். அவர் மனவுறுதி இல்லாதவரல்லர். வேண்டிய காலத்தில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் குடியை நிறுத்த வல்லவராகவே இருந்தார். மீண்டும் தொடங்காதிருப்பது எப்படி என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

வீழ்ச்சி

அக்ரனிலே தனியாகத் தொழில் தொடங்கியதும் குடி திரும்பியது. அவ்வூரிலிருந்த சிகிச்சை நிலையமொன்றுக்குப் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமற் போய் வந்தார். போகும்போதெல்லாம் உடல் தேறும். வெளியே வந்ததும் பழைய கதையே நிகழும். படுக்கையும் மருந்தும் மட்டும் நோயைத் தீர்க்கா என்பதற்கு அவரே சான்றாயினார். 1915 ஆம் ஆண்டு, பதினேழாண்டுகள் காத்திருந்த ஆன் என்னும் ஆசிரியையை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர்.

1920 ஆம் ஆண்டு அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனிக் கிடைக்கப்போவதில்லை என்று எண்ணிய வைத்தியர், அதுவரை வேண்டியமட்டும் குடித்துவிடலாமென்று குடித்தார். ஆனால் வைத்தியர்க்கு மருந்தென்னும் பெயரால் மது கிடைத்தது. கள்ளமாய் விற்பவர்களும் விரைவில் வந்து சேர்ந்தனர். 1933 ஆம் ஆண்டிலே சட்டம் நீக்கப்பட்டது. இராஜாஜி 1937 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கியபோது ஏழைக் குடும்பங்கள் பல மகிழ்ந்தன என்பதை நாம் அறிவோம். கடையை மூடுதல் நல்லதே. எனினும் ஏற்கெனவே நோயுற்றவனுக்குக் கடை மூடியிருப்பது சிகிச்சையாகாது. மாத்தளை மலைகளிலே தவறணைக் கதவு அடைபடும் நாளிற் கசிப்பு விற்பனை பெருகுவதை யார்தான் அறியார்?

பதினேழு ஆண்டுகள் அவர் வாழ்வு ஒரே சுழலிற் சென்றது. நடுக்கந் தெரியாதிருக்கக் காலையிலே மயக்கமருந்து, அந்த மருந்தின் பலத்தில் வைத்தியத் தொழில், மாலையிலே குடி. மனைவியார் காணாதபடி நிலக்கரித் தொட்டியிலும், அழுக்குடை போடும் குழாயிலும், கதவு நிலையின் மேலும் போத்தல்களை ஒளித்து வைத்தார். கடன் பெருகியது, நோயாளர் குறைந்தனர். நண்பர் வீடுகளுக்குப் போவதை அம்மையார் நிறுத்திக்கொண்டார். வந்தால் இவர் குடித்துவிடுவாரென்ற அச்சத்தால் நண்பரை அழைப்பதையும் நிறுத்திக்கொண்டார். நம் ஊர்களிலே இத்தகைய வீடுகள் எத்தனை! வெளியே வேலி ஒழுங்காயிருக்கும், உள்ளே பேச்சொழிந்திருக்கும்.

இரண்டாண்டுக்கு மேலாக ஒரு சமயக் குழுவின் கூட்டங்களுக்கும் போனார். பிரார்த்தித்தார், படித்தார், நல்லவர் பலரோடு பழகினார். கூட்டம் முடிந்து வீடு திரும்பிக் குடித்தார்.

கால்மணி நேரம் ஆறுமணி நேரமானது

1935 ஆம் ஆண்டு மே மாதம். நியூயோர்க்கிலிருந்து பில் வில்சன் என்பார் ஒரு வணிக முயற்சிக்காக அக்ரனுக்கு வந்திருந்தார். அவரும் கடுங்குடியராய் இருந்து, ஐந்து மாதமாகக் குடியை நிறுத்தியிருந்தவர். முயற்சி தோல்வியுற்றது. அந்நிய ஊர், தனிமை, விடுதியின் ஒருபுறத்தே மதுச்சாலையின் சிரிப்பொலி. இன்னொரு குடிநோயாளரோடு பேசாவிட்டால் தாம் வீழ்ந்துவிடுவது உறுதியென்று அவர் உணர்ந்தார். மதகுருமாருக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்து, ஒருவர் மூலம் ஒருவராகத் தேடி, இறுதியில் ஹென்றியெற்றா சைபலிங் என்னும் அம்மையாரைக் கண்டுகொண்டார். அவர் டாக்டர் ஸ்மித்தின் நண்பர்.

சனிக்கிழமை வைத்தியரை அழைத்தபோது அவர் வரக்கூடிய நிலையில் இல்லை. அன்னையர் தினத்துக்காக மனைவியாருக்கு ஒரு பூஞ்செடித் தொட்டியை வாங்கிவந்து மேசைமீது வைத்துவிட்டு, நிறைவெறியிற் கிடந்தார். மறுநாள் மே 12 ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு, கால்மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தார். இரவு பதினொரு மணி கடந்தே திரும்பினார்.

அந்த ஆறுமணி நேரத்தில் நிகழ்ந்தது என்ன? மதுவின் தீமையைப் பற்றி வைத்தியருக்குச் சொல்லத்தக்க புதுச்செய்தி ஒன்றும் வில்சனிடம் இல்லை. அறிவுரையும் அவர் கூறவில்லை. தாம் குடித்த கதையையும், ஒளித்த கதையையும், வீழ்ந்த கதையையும், நிறுத்திய கதையையும் சொன்னார். அத்தோடு, இதனைச் சொல்வது உமக்காக மட்டுமன்று, நான் பிழைத்திருப்பதற்காகவும்தான் என்பதையும் உணர்த்தினார். தம் நோயைத் தம்மைப்போலவே அநுபவித்தறிந்த ஒருவரை வைத்தியர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். வள்ளுவர் பத்தாங் குறளிலே எழுப்பிய வினாவுக்கு அக்ரன் நகரிலே விடை கிடைத்தது எனலாம். தெளிந்த குடியர் ஒருவரை மற்றவர் கண்டார். இருவரும் தத்தம் நிலையை உணர்ந்தனர்.

எனினும் அன்றே யாவும் முடிந்துவிடவில்லை. வில்சன் வைத்தியர் வீட்டிலேயே தங்கினார். சில வாரங்களின் பின், மருத்துவர் மகாநாடொன்றுக்குப் போன வைத்தியர் மறுபடியும் குடித்துச் சில நாள் காணாமலே போனார். திரும்பிவந்தவரை அம்மையாரும் வில்சனும் வெறுத்துத் தள்ளவில்லை. படுக்கையில் இட்டுப் பேணினர். அவர் செய்யவேண்டிய சத்திரசிகிச்சை ஒன்று முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. அன்று காலை கைந்நடுக்கம் தணிவதற்காக வில்சன் அவருக்கு ஒரு போத்தல் பியர் கொடுத்தார். சிகிச்சை முடிந்து நெடுநேரமாகியும் வைத்தியர் வீடு வரவில்லை. வீட்டார் அஞ்சினர். அவரோ, தாம் யார் யாருக்குத் தீங்கு செய்தாரோ, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தாரோ, அவர்களை வீடு வீடாகச் சென்று கண்டு தவற்றை ஒப்புக்கொண்டு வந்தார். அந்தப் பியரே அவர் இறுதியாகக் குடித்தது. 1935 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாளை அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் பெயர்கூறாக் குடிநோயாளர் சங்கத்தார் தம் சங்கம் பிறந்த நாளாகக் கொள்கின்றனர்.

திறந்த வீடு

அதே மாதத்தில் இருவரும் அக்ரன் நகர வைத்தியசாலைக்குச் சென்று, கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த ஒரு சட்டத்தரணியைக் கண்டு தம் கதையைச் சொன்னார்கள். அவர் எழுந்தார், மீண்டும் குடிக்கவில்லை. பின்னர் ஆட்மோர் வீதியிலுள்ள வைத்தியர் வீடு ஒரு தங்குமிடமாயிற்று. வந்தவர்க்கு ஆன் அம்மையார் படுக்கை விரித்தார், கோப்பி கொடுத்தார், காலையிலே யாவரோடும் இருந்து வேதம் வாசித்தார். தம் வீட்டுக் கடனையே கட்டமுடியாதிருந்தவர்கள் பிறர்க்கு இடங்கொடுத்தனர்.

எல்லோரும் தேறினாரென்று எண்ணவேண்டா. முதன்முதல் அங்கே தங்கியவர்களில் ஒருவரை மாடியில் வைத்துக் காவல் செய்தார்கள். அவர் மழைநீர்க் குழாயைப் பற்றி இறங்கி ஓடினார். மீட்டுக் கொண்டுவந்தும் பயனில்லாது போயிற்று. பூட்டு அக்ரனிலும் உதவவில்லை. ஆனால் அவ்வரலாற்றின் பிற்பகுதி ஒன்றுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

மலர் அறையிலே ஒரு கட்டில்

வீடு போதாதாயிற்று. அக்காலத்து வைத்தியசாலைகள் குடிநோயாளரை ஏற்பதில்லை. அவர்களாற் குழப்பம், கட்டணமும் வாராது. அக்ரனிலுள்ள புனித தோமையார் வைத்தியசாலையில் நோயாளரை அனுமதிக்கும் பொறுப்பில் இருந்தவர் இக்னேசியா என்னும் அருட்சகோதரியார். அயர்லாந்திலே 1889 ஆம் ஆண்டு பிறந்தவர், இசையாசிரியையாய் இருந்து, நரம்புத் தளர்ச்சியால் நோயுற்றுத் தேறி, இப்பணிக்கு வந்தவர், மெலிந்த உடலர். 1939 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டாக்டர் ஸ்மித் அவரிடம் ஒரு குடிநோயாளருக்கு இடங்கேட்டார். அம்மையார் இரைப்பை அழற்சி என்று பதிந்து அந்நோயாளரை ஏற்றார். தனியிடம் வேண்டுமென்றபோது, மலர்களை ஒழுங்குசெய்யும் சிற்றறையிலே கட்டிலை இட்டார். சின்னாளிற் குடிநோயாளர்க்கென்றே ஒரு விடுதி அங்கே அமைந்தது.

அவ்விடுதியின் ஒழுங்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏனெனில் இன்று உலகெங்கும் உள்ள தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களின் அடிப்படைகள் பலவற்றை அங்கே காணலாம். முதலில் உடல். வைத்தியர் கண்காணிப்பிலே நஞ்சு இறங்கும், நடுக்கம் தணியும், உணவும் உறக்கமும் திரும்பும். அடுத்தது துணை. முன்பு குடித்து இப்பொழுது நிறுத்தியிருக்கும் ஒருவர் கூட்டிவந்தாலன்றி நோயாளருக்கு அனுமதியில்லை. தங்கும் ஐந்து நாளும் காணவருவோர் அத்தகையவரே. அவர்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கட்டிலருகே அமர்ந்து தங்கதை சொல்வர். மூன்றாவது தன்னாய்வு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பணி உண்டு: வந்துசேர்தல், தன் நிலையை உணர்தல், தன் குற்றங்களை எண்ணிப் பார்த்தல், உறுதி கொள்ளல், இனி வாழும் வழியை வகுத்தல். நான்காவது வெளியே தொடரும் உறவு. விடுதியை நீங்கும் நாளிலே அருட்சகோதரியார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திருவிருதயச் சின்னத்தைக் கொடுத்து, மீண்டும் குடிக்க நேர்ந்தால் குடிக்குமுன் இதனை என்னிடம் திருப்பித் தரவேண்டுமென்று வாக்குறுதி வாங்குவார். போத்தலை எடுக்கும் கை அச்சின்னத்தையும் நினைக்கும். அவரிடம் திரும்பிச் செல்லும் வழியிலே வேட்கை தணியவும் கூடும்.

1939 முதல் 1950 வரை ஏறத்தாழ ஐயாயிரம் குடிநோயாளரை இருவரும் அங்கே பேணினர். வைத்தியர் அவர்களிடம் கட்டணம் பெறவில்லை.

மறைவும் பின்னையதும்

ஆன் அம்மையார் 1949 ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். வைத்தியரையும் புற்றுநோய் பற்றியிருந்தது. 1950 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கிளீவ்லாந்திலே நடந்த சங்கத்தின் முதற் பெருமாநாட்டிற் சில நிமிடமே பேசினார். நெறியைச் சிக்கலாக்காமல் எளிமையாக வைத்திருங்கள் என்பதும், அன்பும் தொண்டுமே அதன் சாரம் என்பதும் அவர் விட்டுச்சென்ற கருத்துக்கள். அன்பர் சிலர் அவர்க்கு நினைவுமண்டபம் எழுப்ப விரும்பினர். பிறரைப்போலவே தம்மையும் அடக்கம் செய்தாற் போதுமென்று மறுத்துவிட்டார். அவ்வாண்டு நவம்பர் 16 ஆம் நாள் மறைந்தார். பதினைந்தாண்டுக்கு மேலாக ஒரு துளியும் தொடாதவராகவே மறைந்தார்.

அவருடைய இறுதிச் சடங்கிலே ஒருவர் வந்து நின்றார். மழைநீர்க் குழாய் வழியே இறங்கியோடிய அந்த முதல் விருந்தினரே அவர். இடையிலே பல ஆண்டுகள் அலைந்து, ஈற்றிலே வேறோர் ஊர்க் குழுவைச் சேர்ந்து, குடியை விட்டு ஓராண்டாகியிருந்தது. விதைத்தவர் காணாத அறுவடையும் உண்டு.

அருட்சகோதரியார் 1952 ஆம் ஆண்டு கிளீவ்லாந்து வைத்தியசாலையொன்றிலே இதுபோன்ற விடுதியொன்றை அமைத்து, பல ஆண்டுகள் தொண்டாற்றி, 1966 ஆம் ஆண்டு மறைந்தார். மினசோட்டா மாநிலத்திலே 1949 ஆம் ஆண்டு ஒரு பண்ணை வீட்டிலே தொடங்கிய ஹேசல்டன் நிலையம், ஐந்து நாளை நான்கு வாரமாக விரித்து, மருத்துவரையும் மனநூல் வல்லாரையும் மீண்ட நோயாளரையும் ஒருங்கு சேர்த்தது. தமிழகத்திலே 1980 ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோயால் இறந்த தம் கணவரின் பெயராற் சென்னையில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினார். அதன் வைத்தியசாலையிலே நோயாளரோடு குடும்பத்தாருக்கும் வழிகாட்டப்படுகின்றது. இலங்கையிலும் 1984 ஆம் ஆண்டு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. மாத்தளைக்கு அணித்தாகிய கண்டியிலும் அச்சபையின் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. சிலர் முதன்முறையிலே தேறுவர். சிலர் வீழ்ந்து எழுவர். சருக்கரை நோயாளி மீண்டும் நோயுற்றால் நாம் அவரைப் பழிப்பதில்லை. குடிநோயாளி மீண்டும் வீழ்ந்தால் மட்டும் கைவிட்டு விடுகின்றோம்.

சென்ற ஆண்டு மாத்தளைப் பேருந்து நிலையத்திலே என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். குடியாற் குடும்பத்தைப் பிரிந்தவர் என்று கேள்வியுற்றிருந்தேன். தெளிந்த முகத்தோடு நின்றார். தங்கிச் சிகிச்சை பெற்றதையும், இப்பொழுது ஞாயிறுதோறும் தோட்டத்து லயத்திலுள்ள இன்னொருவரைப் போய்ப் பார்த்து வருவதையும் சொன்னார். தம் பெயரை மட்டும் எங்கும் எழுதவேண்டாமென்றார். நான் என் அண்ணரின் கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, அந்த மூன்று நாளும் அறைக்குள்ளே அவரோடு யாராவது இருந்தார்களா ஐயா என்று கேட்டார். இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே இருந்தோம்.

இப்பொழுது அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும்போது கடைசி இரண்டு குறள்களுக்கும் ஒரு பாடவேளையை முழுதாக ஒதுக்குகின்றேன். தந்தையர் குடிக்கின்ற பிள்ளைகள் சிலர் எவ்வகுப்பிலும் இருப்பர். முதல் எட்டுக் குறள்களையும் நான் முழங்கிய அந்நாட்களில் அவர்கள் புத்தகத்தை விட்டுத் தலைநிமிராதிருந்ததன் காரணம் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.